இருபத்தோராம் நாள்

எங்கள் பக்கத்து வீட்டு மாமா சம்மட்டியால் அடித்து உடைத்தது புத்தம் புதிய பேரிங். போர்ட் பிளேர் துறைமுகத்தில் பாம்பூஃப்ளாட்டுக்கும் சாத்தமுக்கும் நடுவே ஓடும் படகின் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்புக்காக மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தது. எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

பேரிங்கைத் தண்டில் ஏற்ற வேண்டுமானால் அதைச் சூடாக்கி விரிய வைக்க வேண்டும். நூற்றுப் பத்து டிகிரி. நூற்றிருபதைத் தாண்டினால் உள்ளே இரும்பின் உறுதி போய்விடும். வெளியே பார்க்க அப்படியேதான் இருக்கும். அன்றைக்கு அவர் லீவு முடிந்து காலையில்தான் கப்பலை விட்டு இறங்கினார். வீட்டுக்குக்கூடப் போகாமல் பையோடு வொர்க்‌ஷாப்புக்கு வந்திருக்கிறார். அவர் இல்லாத நேரத்தில் ஜூனியர் இன்ஜினியர் கேஸ் டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி பேரிங்கைச் சூடு பண்ணியிருந்தார். சூடு எக்கச்சக்கமாக மிஞ்சி வளையத்தின் ஓரத்தில் நீலமே பாய்ந்திருந்தது.

எத்தனை டிகிரி என்று மாமா கேட்டார். யாரும் அளக்கவில்லை. இன்ஜினியர், "குச் நஹி ஹோகா, சடா தோ" என்றார். ஒன்றும் ஆகாது, ஏற்று. மாமா இடுக்கியால் பேரிங்கை எடுத்து பட்டறைக் கல்லில் வைத்து இரண்டே அடி. "இனிமே எவனாலயும் ஏத்த முடியாது" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த பேரிங் வர ஒரு மாதம் ஆயிற்று. அதுவரை அந்தப் படகு கட்டியே கிடந்தது. பாம்பூஃப்ளாட் ஜனங்கள் மொத்தமும் மிச்சமிருந்த ஒரு படகில் ஸ்கூட்டரும் கோழிக்கூடையுமாக நெருக்கிக்கொண்டு வந்தார்கள். இந்தி, பெங்காலி, தெலுங்கு, மலையாளம், தமிழ் என்று தீவில் இருக்கிற எல்லா பாஷையிலும் அவரைத் திட்டினார்கள். மெமோ கொடுத்தார்கள். அவர் பதிலாக ஒரே வரி எழுதினார்: ஏற்றியிருந்தால் தண்ணீருக்கு நடுவில் படகு நின்றது ஏன் என்று கேட்டு இதே மெமோ வந்திருக்கும்.

என் அப்பா துறைமுகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். புதுப் பேரிங்குக்கு மறுபடி எழுதிப் போட வேண்டியது அவர் தலையில் விழுந்தது. "சரியான மெண்டல் பய" என்று அன்று முழுக்க வீட்டில் முணுமுணுத்தாராம். அந்த மெண்டல் பயலுக்காகச் சென்னையிலிருந்து ஃபோனிலேயே அப்பாவோடு சண்டை பிடித்தவள் நான். அவர் செய்ததுதான் சரி, மிச்ச எல்லாரும் மடையர்கள் என்று கத்தினேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எம்.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் முடித்து சென்னையில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்து எட்டு மாதம்.

இன்றைக்கும் அவர் செய்ததுதான் சரி என்பேன். அதனால்தான் அவர்மேல் இவ்வளவு கோபம். தப்பு செய்த ஆளின்மேல் வருகிற கோபம் இரண்டு நாளில் ஆறிவிடும். அவர் விஷயத்தில் அது ஆறவே இல்லை.

ஹேடோவில் எங்கள் குவார்ட்டர்ஸும் அவர் குவார்ட்டர்ஸும் ஒரே சுவர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், மெரைன் வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பிள்ளைகள் இல்லை. நான் அவரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும் கூப்பிட்டு வளர்ந்தேன். எங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது எப்போதும் அவர் குரல்தான். கத்த மாட்டார். கேள்வி கேட்பார். குழம்பு கொதிச்சிட்டா என்று கேட்டால் இப்ப ஆயிடும் என்று அத்தை சொல்லக் கூடாது. எத்தனை நிமிஷம் என்று அடுத்த கேள்வி வரும். கேஸ்காரன் சாயங்காலம் வரேன் என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. சாயங்காலம் என்றால் நாலா, ஆறா?

தீவின் ஆபீஸ்களில் எதைக் கேட்டாலும் கிடைக்கிற பதில் ஒன்று உண்டு. தோ-சார் தின். ரெண்டு நாலு நாள். அது ஒரு தேதியே இல்லை, அது ஒரு தலையசைப்பு, எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. நான் லீவுக்கு வந்திருந்தபோது கப்பல் டிக்கெட் கவுண்டரில் ஒருமுறை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். சென்னைக் கப்பல் எப்போது என்று கேட்டார். உள்ளே இருந்தவர் ஃபைலிலிருந்து தலை நிமிராமல் தோ-சார் தின் என்றார்.

"தோவா, சாரா?" என்று கேட்டார் மாமா.

கிளார்க் சிரித்துவிட்டார். வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஜன்னலில் கையை ஊன்றி நின்றபடி, ரெண்டென்றால் ஒன்று, நாலென்றால் வேறு, என் பெண்டாட்டிக்கு மருந்து இருபத்தோராம் நாள் ஏறியாக வேண்டும் என்று இந்தியில் சொன்னார். பின்னால் இருந்த பெங்காலிக் கிழவி, விடுப்பா, என் மகளுக்கும் பரீட்சை இருக்கிறது என்றாள். தேதி எழுதிய ஒரு துண்டுச் சீட்டு கைக்கு வரும்வரை அவர் நகரவில்லை. அந்தத் தேதிக்குக் கப்பல் கிளம்பவில்லை என்பது வேறு கதை.

அத்தைக்கு மார்பில் கட்டி. சுனாமிக்கு ஆறாவது வருஷம் கண்டுபிடித்தார்கள். போர்ட் பிளேரில் அதற்கு மருந்து ஏற்றும் ஏற்பாடு அப்போது இல்லை. ரெஃபரல் பேப்பர் வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போக வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் ஆறு தடவை. கப்பலில் போக மூன்று நாள், வர மூன்று நாள். நியாயமாகப் பார்த்தால் அத்தை சென்னையிலேயே தங்கியிருக்க வேண்டும். அம்பத்தூரில் அவளுடைய சொந்தத் தங்கை இருந்தாள், கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மாமா விடவில்லை. அந்தத் தங்கைக்கு மறதி, நாளைத் தவற விட்டுவிடுவாள், ஜுரம் பார்க்க மாட்டாள் என்பார். அவருக்கோ தொடர்ந்து அவ்வளவு லீவு கிடையாது. அதனால் ஒவ்வொரு தடவையும் கூட்டிப் போய், கூட்டி வந்தார். வாந்தி எடுக்கிற மனுஷியை ஆடுகிற கப்பலில், வரிசைக் கட்டில் போட்ட பங்க் கிளாஸில், தன் கையாலேயே பார்த்துக்கொள்வதற்காகத் திரும்பத் திரும்பக் கடலைத் தாண்ட வைத்தார். இதை அன்பு என்றுதான் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். பேரிங் உடைந்தது இரண்டாவது தடவை போய்த் திரும்பி, அத்தையை மட்டும் ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிய காலையில்.

மூன்றாவது முடிந்து அவர்கள் வந்திருந்த சமயத்தில் நான் லீவுக்கு வந்தேன். அத்தையின் தலையில் ஒரு முடி இல்லை. நைட்டிக்குமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "வா புள்ள, அங்க என்னதான் படிக்க? உங்க அம்மாவுக்குச் சொல்லத் தெரியல" என்றாள்.

அதற்காகத்தானே காத்திருந்தேன். என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. அங்கேயே தரையில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். இரும்பு ஆக்சைடு. சாதாரணத் துருவின் சொந்தக்காரன்தான், ஆனால் துகள் எவ்வளவு சின்னது தெரியுமா, ஒரு முடியின் அகலத்தில் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிறுத்தலாம். அதைத் தண்ணீரில் கலந்து கட்டிக்குள் ஊசியால் செலுத்துவது. வெளியிலிருந்து ஒரு கம்பிச் சுருளால் காந்தப் புலத்தை வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை திசை மாற்றுவது. துகள் ஒவ்வொன்றும் அதோடு திரும்பித் திரும்பிச் சூடாகும். கட்டி மட்டும் சூடாகும், சுற்றியிருக்கிற உடம்புக்கு ஒன்றும் தெரியாது. நாற்பத்து மூன்று டிகிரி. அந்தச் சூட்டில் புற்றுநோய் செல் தள்ளாடிவிடும். அந்த நேரத்தில் கீமோ மருந்து கொடுத்தால் உள்ளே நன்றாக இறங்கும், செல் தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்ள முடியாது. சூடு தனியாகச் செய்வதைவிட, மருந்து தனியாகச் செய்வதைவிட, இரண்டும் சேர்ந்தால் அதிகம்.

மாமா வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியாது.

"காயில்ல வைக்கியளா?" என்றார்.

ஆமாம் மாமா, கம்பி சுற்றின காயிலில்தான் என்றேன். உள்ளே வந்து உட்கார்ந்தார். அவருடைய வொர்க்‌ஷாப்பில் ஒரு இண்டக்‌ஷன் ஹீட்டர் இருந்தது. காயிலின் காந்தத்தாலேயே பேரிங்கைச் சூடாக்குகிற மெஷின், நெருப்பே கிடையாது. சுனாமியில் கடல் உள்ளே புகுந்து அது சேற்றில் கிடந்தபோது, எல்லாரும் காயலாங்கடைக்குப் போடச் சொன்னார்கள். அவர் கழுவிக் காய வைத்து, கம்பியைப் புதிதாகச் சுற்றி ஓட வைத்தார். அவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். எங்கள் லேபில் மூன்று ஸ்லைடு போட்டு விளக்குவதை அவருக்கு விளக்கவே தேவைப்படவில்லை.

கேள்விகள் வந்தன. பேரிங் சூடாவது அதற்குள் கரண்ட் சுழல்வதால், உன் தூள் அவ்வளவு சின்னதாக இருந்தால் அதற்குள் எங்கே சுழலும்? அது வேறு வழி மாமா, காந்தம் புரள்கிறது என்றேன். பல்லில் அடைத்த உலோகம்? இருந்தால் எடுத்துவிட வேண்டும். வளையல்? கழற்ற வேண்டும். "அப்ப கழுத்துல கிடக்க சங்கிலி? மூடுன வளையமா இருந்தா அதான்ல முதல்ல சூடாகும்" என்றார்.

"இருபத்தாறு வருஷமா சூடாத்தான் கிடக்கு" என்றாள் அத்தை.

நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தேன். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. உள்ளே எத்தனை டிகிரி என்று எப்படி அளப்பீர்கள் என்று கேட்டார். கண்ணாடி இழையில் ஒரு தெர்மாமீட்டர் உண்டு, குத்தி வைப்போம் என்றேன். எத்தனை இடத்தில்? ஒன்று, அல்லது இரண்டு. "நடுவுல நாப்பத்திமூணுன்னா ஓரத்துல எவ்வளவு?" எனக்கு எரிச்சல் வந்தது. அது இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். எங்கள் துறையில் பெரிய பெரிய ஆட்கள் மண்டையை உடைத்துக்கொள்கிற கேள்வி அது என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியாது.

பிறகு அத்தையின் பக்கம் திரும்பினார். மனைவியிடம் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"இந்தா பாரு, கப்பல்ல உப்புத்தண்ணி பட்டு ஒரு நட்டு துருப்புடிச்சி இறுகிக் கிடக்கு. ஸ்பேனர் போட்டாலும் அசையாது. வெறும் எண்ணெய ஊத்துனா மேலயே நிக்கும், உள்ள போவாது. சூடு மட்டும் காட்டுனா விரியும், ஆறுனதும் திருப்பி இறுகிரும். சூடு காட்டி, அந்தச் சூட்டுலயே எண்ணெய ஊத்துனா அப்படியே உறிஞ்சிக்கும். பொறவு கையால கழத்தலாம். இந்தப் புள்ள அதத்தான் சொல்லுதா."

எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போல இருந்தது. இவ்வளவுதான் மாமா, இவ்வளவேதான் என்றேன். அவர் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. அடுத்த கேள்வியைக் கேட்டார்: "இதுவரைக்கும் யாருக்குச் செஞ்சிருக்கிய?"

அந்த நேரம் பார்த்து வெளியே குழாயில் தண்ணீர் வந்தது. மூன்று நாளுக்கு ஒரு தடவை, முக்கால் மணி நேரம். அதற்குள் டிரம் எல்லாம் நிரப்பியாக வேண்டும். அவர் எழுந்து ஓடினார். கேள்வி அந்த அறையிலேயே நின்றது. அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத்தான் பதில் சொன்னேன். வெளிநாட்டில் எல்லாம் மனுஷங்களுக்கே பார்க்கிறார்கள் அத்தை, இங்கேயும் இன்னும் கொஞ்ச நாளில் வந்துவிடும் என்றேன்.

இன்னும் கொஞ்ச நாளில். எங்கள் லேபில் அந்த வார்த்தை மின்விசிறிக் காற்று மாதிரி, எல்லார்மேலும் பட்டுக்கொண்டே இருக்கும். பணம் கேட்டு எழுதுகிற ஒவ்வொரு விண்ணப்பத்தின் கடைசிப் பாராவிலும் வரும். கருத்தரங்கில் கடைசி ஸ்லைடில், சிரிக்கிற நோயாளியின் படத்துக்குக் கீழே வரும். அதை எழுதுகிறவர் யாரும் ஒரு தேதியை மனதில் வைத்து எழுதுவதில்லை. கேட்கிறவர் யாரும் கட்டிலில் உட்கார்ந்திருப்பதில்லை. நான் அதை எடுத்து வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்த ஒருத்தியிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் இருந்த தோழியைப் பார்க்கக் கிளம்பிப் போனேன்.

நான்காவது தடவைக்குக் கப்பல் கிளம்புகிற அன்று காலை மாமா எங்கள் கதவைத் தட்டினார். அவர் எங்கள் வீட்டுப் படி ஏறி நான் பார்த்ததே இல்லை. அப்பா பாதி முகத்தில் சோப்போடு வந்து நின்றார். மாமா அவரைப் பார்க்கவே இல்லை.

"உன் அத்தை வர மாட்டேங்கா. நீ என்ன சொன்ன?"

எனக்குப் புரியவில்லை. கூடவே போனேன். முன்னறையில் கட்டி வைத்த பை அவிழ்ந்து கிடந்தது. துணிகள் மறுபடி அலமாரிக்குப் போயிருந்தன. அத்தை அதே கட்டிலில். கலவரமே இல்லாமல், கணக்குப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். இனிமேல் இந்த மருந்து வேண்டாம். வெறும் எண்ணெயை ஊற்றினால் மேலேயே நிற்கும், உள்ளே போகாது என்று இவர்தானே சொன்னார். மூன்று தடவை ஏற்றியது எல்லாம் வெறும் எண்ணெய். குடல் வெளியே வந்ததுதான் மிச்சம். சூட்டு மிஷின் கொஞ்ச நாளில் வந்துவிடும் என்று நீ சொன்னாய். அது வரட்டும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவளுக்குக் கட்டிக் கொடுத்தது இது. அவர் பங்கு நட்டு, என் பங்கு கொஞ்ச நாள். ஒவ்வொரு செங்கல்லும் பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது.

"சொல்லு" என்றார் மாமா. "எந்த மாசம் வருது? எந்த ஆஸ்பத்திரி?"

"தெரியாது மாமா."

"நீ எத்தனை பேருக்குச் செஞ்சு பாத்திருக்க? அவகிட்ட சொல்லு. என்கிட்ட வேண்டாம்."

அவர் என்னை அத்தையின் முன்னால் நிறுத்தியது பேரிங்கை இடுக்கியால் எடுத்துக் கல்லில் வைத்த மாதிரிதான் இருந்தது. வெளியே கூப்பிட்டுத் தனியாகக் கேட்டிருக்கலாம். நானே மெதுவாகச் சொல்லியிருப்பேன். அந்த மனிதருக்கு மெதுவாக என்று ஒன்று கிடையாது. நான் சொன்னேன். என் கையால் நான் ஒருத்தருக்கும் செய்ததில்லை அத்தை. எலிக்குக்கூடச் செய்ததில்லை. ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர், அதில் அந்தத் தூள். காயிலுக்குள் வைத்தேன், தண்ணீர் சூடானது. நான் பார்த்தது அவ்வளவுதான். வெளிநாட்டில் நடப்பதைப் பேப்பரில் படித்தேன். இங்கே எப்போது வரும் என்று எனக்கு மட்டுமில்லை, யாருக்கும் தெரியாது. உங்களுக்கு இப்போது ஏறுகிற மருந்து சூடு இல்லாமலும் வேலை செய்யும், அதற்காகத்தான் அதைக் கொடுக்கிறார்கள்.

"வெறும் தண்ணியா?" என்றாள் அத்தை.

"தண்ணிதான்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் அவரைப் பார்த்தாள்.

"டாக்டர் உங்கள மட்டும் கூப்பிட்டு நூத்துல எத்தனை பேரு பொழைப்பாவன்னு சொன்னாரு. அன்னைக்கு ராத்திரியே லாட்ஜ்ல அதை எங்கிட்ட அப்படியே ஒப்பிச்சிய. நான் கேட்டனா? ஒரு நாளாவது, ஒண்ணும் ஆவாதுட்டின்னு உங்க வாயில வந்துச்சா? இந்த வீட்டுல நல்லாயிரும்னு சொன்ன ஒரே ஆளு இந்தப் புள்ளதான். தண்ணியோ வெந்நியோ, அவ ஒருத்திதான் சொன்னா. அதையும் கூட்டியாந்து வச்சிப் புடுங்கிட்டிய."

அதற்கு மாமா சொன்னதை நான் வாழ்க்கையில் மறக்க மாட்டேன். மன்னிக்கவும் மாட்டேன். "இன்னிக்கு ஏறுனாத்தான் இருபத்தோராம் நாளுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முடியும்" என்றார்.

அதுவும் சரிதான். அவர் சொல்வது எப்போதும் சரியாகத்தானே இருக்கும்.

அத்தை எழுந்தாள். அலமாரியிலிருந்து துணியை எடுத்துத் தானே பையில் வைக்க ஆரம்பித்தாள். ஜிப்பை இழுத்து மூடிவிட்டுச் சொன்னாள்: "நான் போறேன். நீங்க வராதீங்க. இவ வரட்டும். மிச்சம் மூணையும் தங்கச்சி வீட்டுல இருந்து முடிச்சிக்கிடுதேன்."

"அட்டெண்டன்ட்டுன்னு என் பேருலல்லா பாஸ் இருக்கு" என்றார்.

"மாத்துங்க."

கப்பலுக்கு மூன்று மணி நேரம்தான் இருந்தது. எந்த ஆபீஸில் எந்தப் பேப்பரை மாற்றினாலும் ஒரு வாரம் ஆகிற ஊர் அது. அவர் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு சைக்கிளில் போனார். எந்தக் கவுண்டரில் நின்றார், யாரிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்தில் தன் பேரை அடித்து என் பேரை எழுதி முத்திரையோடு கொண்டு வந்தார். என் லீவில் பன்னிரண்டு நாள் மிச்சம் இருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் முடியாது என்று சொல்லவில்லை. அம்மா அழுதுகொண்டே எனக்குப் புளிசாதம் கட்டினாள்.

ஹேடோ கப்பல் துறையில் மாமா பையைத் தூக்கிக்கொண்டு கப்பலில் ஏறுகிற கேங்வே படி வரை வந்தார். அத்தை திரும்பிப் பார்க்காமல் ஏறிவிட்டாள். என் கையில் ஒரு காகிதத்தையும் தெர்மாமீட்டரையும் கொடுத்தார். எத்தனை மணிக்கு எந்த மாத்திரை, எவ்வளவு ஜுரம் அடித்தால் கப்பல் டாக்டரை எழுப்ப வேண்டும், எதைத் தின்னக் கொடுக்கக் கூடாது, எல்லாம் வரிசையாக. கையெழுத்து அச்சடித்த மாதிரி.

"நீ சொன்னது பொய்யின்னு நான் சொல்லல" என்றார். "தேதி இல்லாமச் சொன்ன. அது பொய்ய விட மோசம்."

"நீங்க எல்லாத்தையும் தேதியோட சொன்னதாலதான் மாமா அவங்களுக்கு நான் சொன்னது தேவைப்பட்டுச்சு" என்றேன்.

துறையில் சுமை தூக்குகிறவர்கள் வழி விடச் சொல்லிக் கத்தினார்கள். அவர் விலகி நின்றார். கப்பல் நகர்ந்தபோதும் அங்கேயே நின்றார். கையை ஆட்டவில்லை. ஆட்டுகிற ஆள் இல்லை.

மூன்று நாளும் கடல் ஆடியது. அத்தை பேசவே இல்லை. இரண்டாம் நாள் மட்டும், அந்தச் சூடு எப்படி இருக்கும், நெருப்புப் பட்ட மாதிரியா, ஜுரம் மாதிரியா என்று கேட்டாள். தெரியாது அத்தை என்றேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்று இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. சரி, அந்தப் பாத்திரத்தை எடு என்று வாந்தி எடுத்தாள்.

நான்காவது, ஐந்தாவது, ஆறாவது, மூன்றும் நாள் தவறாமல் ஏறின. மறதிக்காரி என்று பேர் வாங்கிய தங்கை, காலண்டரில் மஞ்சள் தடவி வைத்துக்கொண்டு, பஸ்ஸில் கூட்டிப் போய்க் கூட்டி வந்தாள். சனிக்கிழமைகளில் நான் லேபிலிருந்து அம்பத்தூருக்குப் போய்விடுவேன். அத்தைக்குப் புருவத்தில் முடி எட்டிப் பார்த்தது. தங்கையின் கேலிக்குப் பதில் கேலி பேசினாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை என்று தோன்றும். உடனே அவர்மேல் கோபம் வரும். கோபத்தோடு பஸ் ஏறி ஹாஸ்டலுக்குத் திரும்புவேன்.

ஆறாவது முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கிறது, மிச்சத்தை ஆபரேஷனில் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். எடுத்தார்கள். தையல் பிரித்த அன்று, இப்போதைக்கு எதுவும் தெரியவில்லை, ஆனால் விடாமல் வந்து காட்ட வேண்டும், எங்களால் உறுதி சொல்ல முடியாது என்றார். அன்று சாயங்காலம் மாமா ஃபோன் பண்ணினார். அத்தை எடுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நீயே பேசு, எனக்கு அலுப்பாக இருக்கிறது என்று என்னிடம் தள்ளினாள்.

டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். உறுதி இல்லை என்பதையும் சேர்த்து. அவர் குறுக்கே பேசவில்லை. ரிப்போர்ட்டில் இருந்த அளவுகளைக் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொள்கிறார் என்று தெரிந்தது.

"அவ எப்ப வாரா?" என்று கேட்டார்.

நான் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு அத்தையிடம் கேட்டேன். அவள் ஒரு சுளையைப் பிரித்து, நாரை எடுத்து, எனக்கு ஒன்று நீட்டினாள்.

"பார்க்கலாம்னு சொல்லு."

நான் அதை அப்படியே சொன்னேன். எந்தத் தேதி என்று அவர் கேட்பதற்காகக் காத்திருந்தேன். கேட்கட்டும், இன்றைக்குத் தங்கை வீட்டுக்காரர்கள் எல்லாரும் கேட்கிற மாதிரி கத்திவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"சரி" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.